பெருமூளைப் புறணியைக் கையால் படிப்பது எப்படி: பூக்கட்டும் நூல், செய்தித்தாள், ஆட்டு மூளையோடு ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியில் நர்சிங், பிசியோதெரபி முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கிறேன். மூளைப் பாடம் வரும் வாரம் ஒவ்வொரு வருடமும் ஒரே காட்சிதான். புத்தகத்தில் நான்கு நிறம் தீட்டிய படம் இருக்கும். பிள்ளைகள் பெயர்களை எல்லாம் உருப்போட்டு வந்திருப்பார்கள். “நடுப்பள்ளம் உன் தலையில எங்கம்மா இருக்கு, தொட்டுக் காட்டு” என்றால் கை அந்தரத்தில் நிற்கும்.

தொட்டுக் காட்ட முடியாத உடற்கூறியல் நோயாளியின் படுக்கை அருகே உதவாது. அதனால் நான் பெயர்களிலிருந்து தொடங்குவதில்லை, இரண்டு பள்ளங்களிலிருந்து தொடங்குகிறேன். புதுச்சேரிக்குப் புதிதாக வந்தவருக்கு வழி சொல்வது போலத்தான். வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்காலையும் கிழக்கு மேற்காக ஓடும் நேரு வீதியையும் காட்டிவிட்டால், மற்ற தெருக்களை அவரே விசாரித்துப் போய்விடுவார். மூளையிலும் அப்படி இரண்டு கோடுகள் இருக்கின்றன.

தேவையான பொருட்கள் குறைவு: ஒரு செய்தித்தாள், பூக்கட்டும் நூல், ஸ்கெட்ச் பேனா, ஒரு கொண்டை ஊசி, மட்டன் கடையிலிருந்து ஓர் ஆட்டு மூளை. சைவர்கள் ஆட்டு மூளையை விட்டுவிடலாம். மற்ற படிகளை அது தடுக்காது.

படி 1: தாளைக் கசக்குங்கள்

பெரிய அளவுச் செய்தித்தாளின் ஒரு பக்கத்தை எடுத்து விரியுங்கள். பெருமூளையின் இரண்டு அரைக்கோளங்களையும் போர்த்தியிருக்கும் புறணியை மடிப்பு நீக்கி விரித்தால் ஏறக்குறைய அவ்வளவு பரப்பு வரும், சுமார் 2000 சதுர சென்டிமீட்டர். கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர், சப்பாத்தி அளவுதான்.

இப்போது அந்தத் தாளை ஒரு சொம்புக்குள் அடங்கும்படி கசக்குங்கள். வெளியே தெரிவது கொஞ்சம், உள்ளே மடிந்து மறைந்தது அதிகம். புறணியும் அப்படியே, அதன் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. வெளியே புடைத்த மேட்டைக் கல்லூரியில் கைரஸ் என்பார்கள், இடையில் உள்ள பள்ளத்தை சல்கஸ் என்பார்கள். மிக ஆழமான பள்ளத்துக்குப் பிளவு என்று பெயர்.

ஆனால் தாளைக் கசக்கும்போது மடிப்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி விழும். மூளையில் பெரிய மடிப்புகள் எல்லா மனிதருக்கும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் விழுகின்றன. கருவின் மூளை முதலில் வழவழப்பாக இருக்கும். இரண்டாவது மும்மாதத்தில் முதலில் பக்கவாட்டுப் பிளவு தலைகாட்டும், ஐந்தாம் மாத வாக்கில் நடுப்பள்ளம் வரும். சிறு மடிப்புகள் கடைசியில் வரும். அவைதான் ஆளுக்கு ஆள் மாறும். இந்தப் பருவத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஒரு பொக்கிஷம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் கருவின் மூளையை 5132 சீவல்களாகப் படமெடுத்து, ‘தரணி’ என்ற பெயரில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. நான் வகுப்பில் அதைத் திறந்து வைக்கும் நாளில் பின்வரிசைப் பிள்ளைகள்கூட முன்னால் வந்துவிடுவார்கள்.

படி 2: ஆட்டு மூளையை அறுத்துப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சக்குப்பம் மட்டன் கடையில் நான் சொல்வது இவ்வளவுதான்: “அண்ணே, மூளையை உடைக்காம முழுசா எடுத்துக் குடுங்க.” சொல்லாவிட்டால் தலையைப் பிளக்கும்போது மூளையும் இரண்டாகிவிடும்.

பச்சை மூளை வெண்ணெய் போலக் கையில் குழையும். ஒரு கிண்ணம் தண்ணீரில் வைத்து மேலே பாருங்கள். மெல்லிய, ஈரமான ஒரு சவ்வு, அதில் சிவப்பு வலை. சமையலறையில் “மேல இருக்கற நரம்ப எடுத்துடு” என்போமே, அதுதான். நம் பேச்சுவழக்கில் இரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம், தசைநாரையும் நரம்பு என்கிறோம். இந்தப் பாடத்துக்கு மட்டும் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தச் சிவப்பு வலை இரத்தக்குழாய். நரம்பணுக்கள் அதற்கு அடியில் இருக்கின்றன, கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது.

நகத்தால் சவ்வின் ஓரத்தைக் கிளப்பி, தண்ணீருக்குள்ளேயே மெதுவாக உரியுங்கள். பள்ளங்களுக்குள் அது இறங்கிப் போவதைக் கவனியுங்கள். குழாய்கள் பள்ளத்தின் வழியாகத்தான் போகின்றன. பிறகு உப்புப் போட்ட கொதிநீரில் ஐந்து நிமிடம் விட்டு எடுத்தால் இறுகும். மஞ்சள் சேர்க்காதீர்கள், நிறம் பார்க்க முடியாது. ஆறியதும் கூர்மையான கத்தியால் குறுக்கே ஒரே வீச்சில் அறுங்கள்.

வெட்டுமுகத்தில் விளிம்பு ஓரமாக, மேடு பள்ளம் எல்லாவற்றையும் பின்பற்றி ஓடும் ஒரு மங்கலான பட்டை தெரியும். அதுதான் புறணி, நரம்பணுக்களின் உடல்கள் அடர்ந்த இடம். உள்ளே தெரியும் வெள்ளை நரம்பிழைகளின் கற்றை. கொழுப்புறை போர்த்திய இழைகள் என்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. சாம்பல் நிறப் பொருள் என்று புத்தகம் சொல்வதை நம்பி யாரும் சாம்பல் நிறத்தைத் தேட வேண்டாம். அது பதப்படுத்திய மூளையின் நிறம். உயிருள்ள புறணி இளஞ்சிவப்பு கலந்த பழுப்பாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆட்டு மூளையில் மேடு, பள்ளம், பட்டை, வெண்பொருள் ஆகியவற்றைப் பார்க்கலாம், மனிதப் பள்ளங்களின் பெயர்களை அதில் தேடக்கூடாது. மடிப்பின் அமைப்பே வேறு. பார்த்து முடித்ததும் சோப்பு போட்டுக் கைகழுவிவிடுங்கள்.

படி 3: இரண்டு பள்ளங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். வலது கையை முஷ்டியாக்கி, உள்ளங்கை தரையைப் பார்க்க நீட்டுங்கள். பெருவிரல் முன்னோக்கியபடி, விரல்களின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கட்டும். இடப்பக்கமிருந்து பார்த்தால் இது மூளையின் இடது அரைக்கோளம். வலது கைதான் இடது அரைக்கோளத்துக்கு மாதிரி, இடது அரைக்கோளம்தான் வலது கையை இயக்குகிறது. இந்தப் பொருத்தத்தைப் பிடித்துக்கொண்டால் பக்கம் குழம்பாது.

பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள இடுக்குதான் முதல் பள்ளம். படி 1-இல் சொன்ன பக்கவாட்டுப் பிளவு இதுதான், சில்வியன் பிளவு என்றும் பெயர். 17-ஆம் நூற்றாண்டு மருத்துவர் சில்வியஸ் பெயரால் வழங்குவது. பெருவிரலைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே மறைந்த இடம் தெரிகிறதல்லவா? மூளையில் அந்த இடத்தில் தீவு மடல் இருக்கிறது. சுவையும் வயிற்றைப் புரட்டும் உணர்வும் அங்கே சேர்கின்றன.

இரண்டாவது பள்ளத்துக்கு ஸ்கெட்ச் பேனாவை எடுங்கள். சுண்டுவிரல் பக்கத்திலிருந்து புறங்கையின் குறுக்கே, பெருவிரலை நோக்கி, சற்று முன்சாய்வாக ஒரு கோடு. இடுக்கைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னே நிறுத்திவிடுங்கள். இது நடுப்பள்ளம். இத்தாலிய உடற்கூறியலாளர் ரோலாண்டோ பெயராலும் அழைப்பார்கள்.

இப்போது உங்கள் சொந்தத் தலை. பூக்கட்டும் நூலின் ஒரு முனையை இரு புருவத்துக்கு நடுவே மூக்குத்தண்டின் பள்ளத்தில் வையுங்கள். உச்சி வழியாகப் பின்னால் கொண்டுபோய், பிடரியில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முண்டில் நிறுத்துங்கள். நூலை இரண்டாக மடித்து நடுப்புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து ஒரு விரற்கிடை பின்னால் நடுப்பள்ளம் தொடங்குகிறது. அங்கிருந்து கீழே, முன்சாய்வாக, கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள கன்ன எலும்பு வளைவின் நடுவைக் குறிபார்த்து விரலை இறக்குங்கள். முழுவதும் இறக்க வேண்டாம், காது மட்டத்துக்கு மேலேயே பள்ளம் முடிந்துவிடும். சில்வியன் பிளவு, நெற்றியின் பக்கவாட்டில் உள்ள நெற்றிப்பொட்டிலிருந்து பின்னோக்கி மெல்ல ஏறிப் போகும்.

வகுப்பில் பிள்ளைகள் ஒருவர் தலையில் ஒருவர் நூல் வைத்து அளந்த பிறகு, அந்த இடத்தை யாரும் மறந்து நான் பார்த்ததில்லை.

படி 4: மடல்கள்

இரண்டு கோடும் விழுந்தபின் இது ஐந்து நிமிட வேலை. நடுப்பள்ளத்துக்கு முன்னால் நெற்றி மடல். பின்னால் உச்சி மடல். சில்வியன் பிளவுக்குக் கீழே, உங்கள் பெருவிரல், பொட்டு மடல். மணிக்கட்டு இருக்கும் பின்கோடி பிடரி மடல். தீவு மடலை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். தீவு மடல் தவிர மற்ற நான்கின் பெயர்களும் மேலே உள்ள மண்டையோட்டு எலும்புகளின் பெயர்கள்தான். மூளை தன்னைத்தானே அப்படிப் பிரித்து வைத்துக்கொள்ளவில்லை, எனவே எல்லைச்சண்டை போடத் தேவையில்லை.

படி 5: பள்ளத்தின் இரு கரைகள்

நடுப்பள்ளத்தின் முன்கரை மேடு அசைவுக்கு. பின்கரை மேடு தொடுவுணர்வுக்கு. இரண்டிலும் உடல் தலைகீழாக வரையப்பட்டிருக்கிறது. இரு அரைக்கோளமும் சந்திக்கும் நடு இடைவெளியின் உள்சுவரில் காலும் பாதமும் தொங்குகின்றன. உச்சியில் இடுப்பும் உடம்பும் இருக்கின்றன. கீழே இறங்க இறங்கக் கை, விரல்கள், முகம், உதடு, கடைசியில் பிளவுக்குப் பக்கத்தில் நாக்கும் தொண்டையும். மாண்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்ட், வலிப்பு நோயாளிகளை விழிப்பில் வைத்தே அறுவை செய்தபோது, மெல்லிய மின்சாரத்தால் புறணியைத் தொட்டுத் தொட்டு இந்தப் படத்தை எடுத்தார். அவரும் அவரோடு பணியாற்றிய போல்ட்ரேயும் அதை 1937-இல் வெளியிட்டார்கள். மூளைக்குத் தொட்டால் வலிக்காது என்பதால் அது முடிந்தது.

படத்தில் உடல் அளவு கோணலாக இருக்கும். முதுகுக்குச் சின்ன இடம், பெருவிரலுக்கும் உதட்டுக்கும் பெரிய இடம். ஏன் என்று கொண்டை ஊசியே சொல்லும். ஊசியின் இரு முனையையும் 4 மில்லிமீட்டர் இடைவெளிக்கு நெருக்கி, கண்மூடிய நண்பரின் விரல்நுனியில் மெதுவாக வையுங்கள். இரண்டு முனை என்று சரியாகச் சொல்வார். அதையே முதுகில் வையுங்கள், ஒன்று என்பார். முதுகில் இரண்டு என்று சொல்ல வைக்க ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் விரிக்க வேண்டியிருக்கும். நுணுக்கமாக உணரும் இடத்துக்குப் புறணியில் அதிக நிலம் ஒதுக்கியிருக்கிறது.

இந்தப் படத்தில் கைக்கு அடுத்த வீடு முகம். உடலில் அவை தூரம், புறணியில் அண்டை வீடுகள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் கையிழந்தவர்களின் கன்னத்தை வருடியபோது, இல்லாத கையின் விரல்களை யாரோ தொடுவதாக அவர்களில் சிலர் சொன்னார்கள். செய்தி வராமல் காலியாகிப்போன கையின் நிலத்துக்குள் முகத்தின் செய்தி பாய்ந்துவிட்டது. வளர்ந்த மனிதரின் புறணிப் படமும் மாறக்கூடியது என்பதற்கு நான் வகுப்பில் காட்டும் முதல் சான்று இது.

படி 6: தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது

பக்கவாத நோயாளியோடு வாழ்கிறவர்கள் இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள். புறணிக்கு மூன்று தமனிகள் இரத்தம் தருகின்றன. நடு மூளைத் தமனி சில்வியன் பிளவு வழியாக வெளிவந்து பக்கவாட்டு முழுவதும் பரவுகிறது. கை, முகம், பேச்சு எல்லாம் அதன் பாசனத்தில் இருக்கின்றன. முன் தமனி இரு அரைக்கோளத்துக்கும் நடுவே உள்சுவரில் ஓடுகிறது. அங்கே கால் இருக்கிறது. பின் தமனி பிடரி மடலுக்குப் போகிறது, பார்வைக்கு.

படி 5-இன் படத்தின் மேல் இதை வைத்துப் பாருங்கள். நடுத் தமனி அடைத்தால் முகமும் கையும் அதிகம் விழும், கால் ஓரளவு தப்பும். முன் தமனி அடைத்தால் கால்தான் விழும். “கை வரல, ஆனா புடிச்சா நடக்கறாரு, இது எப்படி?” என்று வீட்டார் கேட்கும் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. அடைப்பு இடது பக்கமானால் விழுவது வலது பக்கம்.

யாருக்காவது வாய் ஒரு பக்கம் கோணினாலோ, நீட்டிய கைகளில் ஒன்று தானாகத் தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, உடனே 108-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து இரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஸ்கேன் வசதி இல்லாத இடத்தில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இழப்பு.

படி 7: பேச்சு

1823-இலேயே பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. இன்றைய ஜிப்மரின் வேர் அதுதான். அந்தப் பள்ளி இங்கே நடந்துகொண்டிருந்த 1861-ஆம் ஆண்டு, பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளி இறந்தார். பல ஆண்டுகளாக அவர் வாயில் வந்தது ‘டான்’ என்ற ஒரே அசை. மற்றவர்கள் சொன்னது அவருக்குப் புரிந்தது. மருத்துவர் பால் புரோக்கா மூளையைத் திறந்து பார்த்தபோது இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. உங்கள் தலையில் அந்த இடம் இடது நெற்றிப்பொட்டுக்குச் சற்று மேலே, பின்னால் வரும். 1874-இல் ஜெர்மானியர் கார்ல் வெர்னிக்கே இன்னொரு வகையைக் காட்டினார். சரளமாகப் பேசுவார்கள், ஆனால் சொல் பொருளற்றுப் போகும், கேட்பதும் புரியாது. அந்தச் சேதம் பொட்டு மடலின் மேல்மேட்டில், பின்பக்கம்.

வலக்கைக்காரர்களில் சுமார் 95 சதவீதத்தினருக்கும் இடக்கைக்காரர்களில் சுமார் 70 சதவீதத்தினருக்கும் பேச்சு இடது அரைக்கோளத்தில் இருக்கிறது. பேச வராத சிலர் பழகிய பாட்டை வார்த்தையோடு பாடிவிடுவார்கள். அதைப் பார்த்து “வேணும்னே பேசாம இருக்காரு” என்று நினைக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். பாட்டுக்கு வலது அரைக்கோளமும் வழிவிடுகிறது.

படி 8: இலையின் இடப்பக்கம்

உச்சி மடலைப் புத்தகங்கள் சீக்கிரம் கடந்துவிடுகின்றன. என்னால் முடியாது.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது கடலூர் முதுநகர் வீட்டில் எங்கள் ஆயாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு நன்றாக இருந்தது. இடது கை மட்டும் சோர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் வாழையிலை போட்டுப் பரிமாறினோம். நுனி இடப்பக்கம், அந்த மூலையில் உப்பும் ஊறுகாயும். ஆயா வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, “ஏம்மா, ஊறுகா வெக்கலியா? சோறு இவ்ளோதானா?” என்றார். அம்மா, “அத்த, கண்ணெதிர இருக்கு பாருங்க” என்றார். ஆயா இலையைப் பார்த்தார். “இல்லியே” என்றார். நேர்க்கோடு கிழித்தது போல இடது பாதியில் சோறு அப்படியே இருந்தது. வீம்பு என்று ஒரு வாரம் நினைத்தோம். அனுப்பிவைத்த மருத்துவமனையில் எங்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

ஆயாவின் கண்ணில் குறையில்லை. வலது உச்சி மடல் பாதித்தால், இடப்பக்க உலகமே கவனத்தில் இல்லாமல் போகும். இடது அரைக்கோளம் வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கிறது, வலது அரைக்கோளம் இருபக்கத்தையும் கவனிக்கிறது. ஆகவே இடது கெட்டால் வலது ஈடுகட்டும். வலது கெட்டால் ஈடுகட்ட ஆளில்லை. குறை இருப்பதே அவருக்குத் தெரியாது என்பதால் கேட்டும் பயனில்லை. ஒருநாள் அம்மா பேசாமல் இலையை அரைவட்டம் திருப்பி வைத்தார். ஆயா மீதிச் சோற்றையும் சாப்பிட்டார்.

படி 9: மற்ற இரண்டு புலன்கள், நெற்றியின் முன்கோடி

கேட்டலுக்கான புறணி பொட்டு மடலின் மேல்முகத்தில், சில்வியன் பிளவுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பார்வைக்கானது பிடரி மடலின் உள்சுவரில் இருக்கிறது. பார்வையில் எல்லோரும் செய்யும் தவறு: வலது கண் இடது மூளைக்கு என்பது. சரியானது, இரு கண்ணிலும் தெரியும் காட்சியின் வலது பாதி இடது மூளைக்கு.

நெற்றி மடலின் முன்பகுதி திட்டமிடலுக்கும் அடக்கத்துக்கும். 1848-இல் அமெரிக்காவில் பினியஸ் கேஜ் என்ற ரயில்பாதைத் தொழிலாளியின் இடது நெற்றி மடலை இரும்புக் கம்பி துளைத்தது. பிழைத்தார், சுபாவம் மாறியது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். பின்னாளில் அவர் சிலி நாட்டில் குதிரைவண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதைப் பல புத்தகங்கள் விட்டுவிடுகின்றன. மீண்டு வந்ததையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

படி 10: பட்டைக்குள் ஆறு அடுக்கு

அறுத்த விளிம்பை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அந்த மெல்லிய பட்டைக்குள் ஆறு அடுக்கு. முதலடுக்கில் அணுக்கள் குறைவு, இழைகள் அதிகம். 2, 3 அடுக்குகள் புறணியின் மற்ற இடங்களோடும் எதிர் அரைக்கோளத்தோடும் பேசும். 4-ஆம் அடுக்கு வாசல், புலன்செய்தி, மூளையின் நடுவே இருந்து செய்திகளை மாற்றிவிடும் தாலமஸ் வழியாக அங்கே இறங்கும். 5-ஆம் அடுக்கிலிருந்து கட்டளை தண்டுவடம் வரை இறங்கிப் போகும். அசைவுப் புறணியின் இந்த அடுக்கில்தான் 1874-இல் உடற்கூறியலாளர் பெட்ஸ் கண்ட ராட்சச அணுக்கள் இருக்கின்றன. 6-ஆம் அடுக்கு தாலமஸுக்குப் பதில் அனுப்பும்.

எனவே வாசல் அடுக்கு எங்கே தடித்திருக்கிறதோ அங்கே புலன் வேலை, 5-ஆம் அடுக்கு எங்கே ஓங்கியிருக்கிறதோ அங்கே அசைவு வேலை. பார்வைப் புறணியின் 4-ஆம் அடுக்கில் ஓடும் வெள்ளைக் கோட்டை 1776-இலேயே இத்தாலிய மாணவர் ஜெனாரி நுண்ணோக்கி இல்லாமல் வெறுங்கண்ணால் பார்த்துவிட்டார். இந்த அடுக்கு வேறுபாட்டை வைத்துத்தான் ஜெர்மானிய நரம்பியலாளர் கோர்பினியன் பிராட்மன் 1909-இல் புறணிக்கு எண் போட்டார். எண்கள் 52 வரை போகும், இடையில் சில எண்கள் மனிதரில் இல்லை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யாதீர்கள். அசைவு 4, தொடுவுணர்வு 3, 1, 2, பார்வை 17, கேட்டல் 41, 42, புரோக்கா 44, 45. தொடக்கத்துக்கு இவை போதும்.

மூளையில் உள்ள சுமார் 8600 கோடி நரம்பணுக்களில் புறணியில் இருப்பவை சுமார் 1600 கோடிதான். பெரும்பகுதி சிறுமூளையில் இருக்கிறது. எல்லா இடமும் ஆறடுக்கும் அல்ல, நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் மூன்றடுக்குப் பழைய புறணி, பொட்டு மடலின் உள்பக்கம் சுருண்டிருக்கிறது.

படி 11: தொட்டு விடை சொல்லுங்கள்

புத்தகத்தை மூடுங்கள். விடையை வாயால் சொல்லாமல் தலையில் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

ஒருவருக்கு வலது முகமும் வலது கையும் விழுந்துவிட்டன. சொல்வது புரிகிறது, பேச்சு வரவில்லை. விரல் இடது நெற்றிப்பொட்டுக்கு மேலே, நடுப்பள்ளத்தின் கீழ்ப்பாதிக்கு முன்னால் இருக்க வேண்டும். தமனி, நடு.

ஓர் அம்மாவுக்கு இடது கால் மட்டும் இழுத்துக்கொண்டு போகிறது. விரல் உச்சியில், நூல் காட்டிய புள்ளிக்குச் சற்று வலப்பக்கம். ஆனால் இடம் மேலே இல்லை, உள்சுவரில். தமனி, முன்.

கடலூர்–புதுச்சேரி சாலையில் வண்டி ஓட்டுகிற ஒருவர் ஒரே நாளில் இரண்டு முறை வலப்பக்கம் உரசிவிட்டார். இரு கண்ணையும் சோதித்தார்கள், விழித்திரை நன்றாக இருக்கிறது. கை, கால், பேச்சு எதிலும் குறையில்லை. எந்தக் கண்ணை மூடினாலும் வலது பாதி தெரியவில்லை. தமனி, பின். விரல் பிடரிக்குப் போகட்டும். நூல் முடிந்த எலும்பு முண்டுக்கு இடப்பக்கம், சற்று மேலே.